லெவான் ஹெல்ம், ‘டர்ட் ஃபார்மர்’: உடைஞ்ச தொண்டையில ஒரு ஆல்பம். கேட்டவங்க வாங்க, பேசுவோம்

உடுக்கைவீட்டுக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

இங்கே எப்பவும் நம்ம சீமைப் பாட்டுத்தான் பேசுவோம். இன்னைக்கு ஒரு அமெரிக்கக் கிழவரைக் கூட்டிட்டு வந்திருக்கேனுங்க. கோவிச்சுக்க வேண்டாம், கடைசியில நம்ம களத்துக்கே வந்து சேருவேன்.

‘தி பேண்ட்’னு ஒரு குழு. பாப் டிலனுக்குப் பின்னாடி வாசிச்சவங்க, அப்புறம் தனியா நின்னு ஃபோக் ராக்குக்கே வேற ஒரு பாதை போட்டவங்க. அதுல டிரம்மர் லெவான் ஹெல்ம். அஞ்சு பேர்ல நாலு பேர் கனடாக்காரங்க, இவர் மட்டும் ஆர்கன்சா மாநிலத்துப் பருத்திக் காட்டுல வளர்ந்தவர். டிரம் அடிச்சுக்கிட்டே பாடுவார்.

1998ல தொண்டையில புற்றுநோய். குரல்வளையை எடுத்துடலாம்னு சொன்னதுக்கு ஒத்துக்கலை. நியூயார்க்ல 28 தடவை கதிர்வீச்சு. நோய் போச்சு, குரலும் கூடவே போச்சு. சில வருசம் குசுகுசுன்னு பேசத்தான் முடிஞ்சுது. கடன் வேற கழுத்துக்கு வந்துருச்சு. 2004ல இருந்து உட்ஸ்டாக்ல தன் வீட்டோட ஒட்டின மரக்கொட்டகையிலயே டிக்கெட் போட்டுக் கச்சேரி வெச்சார், மிட்நைட் ரேம்பிள்னு பேரு. முதல்ல டிரம் மட்டும். கொஞ்சம் கொஞ்சமா குரல் திரும்ப வந்துது. 2007 அக்டோபர்ல இந்த ஆல்பம். அவர் பேர்ல ஸ்டூடியோ ஆல்பம்னு ஒண்ணு அதுக்கு முன்னாடி வந்தது 1982ல.

நான் ஏன் இப்போ இதைக் கேட்டேன்னா, எங்க அய்யனுக்கும் போன வருசம் அதே தொண்டை, அதே கதிர்வீச்சு. அவரு அண்ணன்மார் கதை உடுக்கையில பாடுறவரு. பொன்னர் சங்கர் கதையை ராவெல்லாம் பாடுவாரு. இப்போ தண்ணி பாட்டில் இல்லாம அரை மணி நேரம் பேச முடியலைங்க, எச்சில் ஊறுறதே இல்லை. யாரோ யூடியூப்ல இந்த ஆல்பத்தைப் போட்டிருந்தாங்க. முதல் பாட்டுலயே எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். அந்தக் குரல் மேல ஏறுற இடத்துல ஒரு கீறல் விழுது பாருங்க, பலா மரத்துல ரம்பம் ஓடுற மாதிரி. மறைக்கவே இல்லை மனுசன்.

கேட்டவங்க இருந்தா சொல்லுங்க.

செக்போஸ்ட்_செந்தில் (கோவிந்தாபுரம்)

ரெண்டாவது பாட்டு கேட்டேனுங்க. சோளம் போச்சு, கடன் நிக்குது, விவசாயி நிலைமை இதான்னு பாடுறாரு. ஆழியாத்துத் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வராத வருசத்துல எங்க அப்பாரு திண்ணையில உட்கார்ந்து புலம்புனது அப்படியே இதுதான். தமிழ்நாடு-கேரளா தண்ணி ஒப்பந்தத்துல வருசத்துக்கு 7.25 டிஎம்சின்னு எழுதியிருக்குது, மூலத்தறைத் தடுப்பணையில வந்து பார்த்தா நாங்க வானத்தைப் பார்த்துட்டு நிப்போம். இங்கிலீஷ் பாதிதான் புரிஞ்சுது, பாட்டு முழுசாப் புரிஞ்சுது.

பழைய_டேப் (கொல்லங்கோடு)

நல்ல இழை தம்பி. துபாயில இருந்தப்போ இந்த சிடியைக் காசு கொடுத்து வாங்கினவன் நான், அந்த உரிமையில ரெண்டு சொல்றேன்.

முதல் விஷயம், ‘தனி ஆல்பம்’ங்கிறது பேருக்குத்தான். மகள் ஏமி ஹெல்மும் லாரி கேம்ப்பெல்லும் இழுத்துக்கிட்டு வராம இது நடந்திருக்காது. கேம்ப்பெல் 1997ல இருந்து 2004 வரைக்கும் டிலன் குழுவுல வாசிச்சவர். கிடார், ஃபிடில், மாண்டலின், எதைக் கையில கொடுத்தாலும் பேச வைக்கிற ஆள். அவர் மனைவி தெரசா வில்லியம்ஸும் பாடியிருக்காங்க. லெவான் குரல் எங்கெல்லாம் மெலியுதோ அங்கெல்லாம் ரெண்டு பெண் குரலும் ரெண்டு பக்கமும் தோள் கொடுத்து நிக்குது. ‘லிட்டில் பேர்ட்ஸ்’ பாட்டைக் கேளுங்க. லெவானோட அப்பா அம்மா வீட்டுல பாடின பாட்டு அது. இப்போ மகள் ஏமி குரல் தாத்தா பாட்டி பாட்டுக்கு மேல நிக்குது.

ரெண்டாவது, இது அனுதாபத்துல கிடைச்ச கிராமின்னு அப்போ சிலர் முணுமுணுத்தாங்க. 2008ல சிறந்த பாரம்பரிய ஃபோக் ஆல்பம் விருது. விழாவுக்கே போகலை மனுசன், வீட்டுக் கொட்டகையில கச்சேரி வெச்சுக்கிட்டார். அடுத்த ஆல்பத்துக்கும் 2010ல வாங்கினார், அமெரிக்கானான்னு புதுசாத் தொடங்கின பிரிவுல முதல் விருதே அதுதான். ரெண்டு தடவையும் அனுதாபமா?

தாளக்கட்டு (வேலந்தாவளம்)

நான் கானமேளாவுல, அதான் மேடைப் பாட்டுக் கச்சேரியில, டிரம்ஸ் வாசிச்சவன், இப்போ சர்ச்சுல மட்டும். என் காது வேற பக்கம் போகும், பொறுத்துக்குங்க.

எல்லாரும் குரலையே பேசுறீங்க. கையைக் கேளுங்க. 67 வயசு ஆளு, அடி கொஞ்சம் பின்னால தங்கித்தான் விழுது. அவசரமே இல்லை. நம்ம பசங்க ரோல் அடிச்சே ஒரு பாட்டைக் கொன்னுடுவாங்க, இவர் பாட்டுக்கு அடியில பாய் விரிச்ச மாதிரி வாசிக்கிறார். இன்னொண்ணு, பேண்ட் காலத்துலயே டாம் டிரம்மை ஒரு மாதிரி சுதி வெச்சிருப்பார். அடிச்சதும் ‘டும்’முனு நிக்காது, நாதம் கீழே வழுக்கிக்கிட்டே போய் அடங்கும். அதை அவரே சொல்லியிருக்கார்.

உடுக்கைவீட்டுக்காரரே, இதை நான் உங்ககிட்டத்தான் கேக்கணும். உடுக்கையில நடுக்கயித்தை அமுக்கி விட்டா சத்தம் மேலயும் கீழயும் வளையுமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

உடுக்கைவீட்டுக்காரன்

அதேதானுங்கண்ணா! இடது கை கயித்தைப் புடிச்சு இறுக்குனா மேல ஏறும், தளர்த்துனா ‘ம்ம்ம்’னு இறங்கும். பொன்னர் சங்கரோட தங்கச்சி தங்காள் அழுகிற கட்டத்துல அய்யன் வாய்ல வார்த்தையே இருக்காது, உடுக்கைதான் அழுகும். படுகளத்துல ஆளுங்க விழுகிறது அந்த இறக்கத்துல தான். மழை நாள்ல தோல் தொய்ஞ்சு போயிரும், அடுப்பு அனல்ல காட்டிக் காட்டி வாசிப்பாரு. சின்ன வயசுல அந்தத் தோல் காயுற வாசத்துலயே நான் தூங்கிப்போவேன்.

பருத்திப்பால் (சித்தூர், பாலக்காடு)

எல்லாரும் உருகுறீங்க, நான் கொஞ்சம் உப்புப் போடுறேன்.

லெவான் வளர்ந்தது மிசிசிப்பி ஆத்தங்கரைப் பருத்திச் சீமை. அங்கே பருத்தி யார் கையால எடுக்கப்பட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் டிரம் கத்துக்கிட்டதே ஹெலீனா ஊர் வானொலியில ப்ளூஸ் பாடகர் சன்னி பாய் வில்லியம்சனோட வாசிச்ச பெக் கர்ட்டிஸைப் பார்த்துத்தான். கர்ட்டிஸ் கறுப்பினத்தவர். அந்த வழுக்குற அடி, அந்தத் தங்கல் எல்லாம் அங்கே இருந்து வந்தது. இதை லெவான் மறைக்கலை, நன்றியோடதான் சொல்வார். இந்த ஆல்பத்துலயும் ஜே. பி. லெனோயர்ங்கிற கறுப்பின ப்ளூஸ் பாடகர் பாட்டு ஒண்ணு இருக்கு. ஆனா கேக்குற நாம ‘விவசாயி பாட்டு’ன்னு ஒரே கூடையில போட்டுடுறோம். செந்தில் தம்பி, உங்க அப்பாரு திண்ணையில உட்கார்ந்து புலம்புனார் சரி. அந்தக் காட்டுல களை எடுத்தவங்க எங்கே உட்கார்ந்தாங்க?

நம்ம ஊர்லயும் உடுக்கை கோயிலுக்குள்ள, பறை வெளியே. நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

ஆல்பம் பிடிக்கலைன்னு நினைச்சுடாதீங்க. எனக்குப் பிடிச்சது யாரும் இன்னும் பேசாத பாட்டு. கார்ட்டர் குடும்பம்னு ஒரு பழைய நாட்டுப்புறக் குழு 1927ல அமெரிக்காவுல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல பதிவு பண்ணினது: கல்யாணமாகாத பொண்ணு நல்லாத் துணி உடுத்தி இஷ்டப்படி போறா, கல்யாணமானவ தொட்டில் ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அவ்வளவுதான் பாட்டு. எங்க அம்முச்சி நாத்து நடுறப்ப இதையே தமிழ்ல பாடும், இன்னும் ரெண்டு கெட்ட வார்த்தை சேர்த்து.

செக்போஸ்ட்_செந்தில்

அக்கா, கேட்டது நியாயம்ங்க. வரப்புல தானுங்க உட்கார்ந்தாங்க. திண்ணைக்கு விட மாட்டாங்க. எங்க அப்பாருமே விட்டதில்லை.

நகரி_தறிக்காரன் (நகரி, ஆந்திரா)

இன்னாபா இது, ரெண்டு நாள்ல இவ்ளோ நீளத்துக்குப் பூட்டுது. நானும் வர்றேன்.

நம்முது பவர்லூம். எட்டு மணி நேரம் டக்கு டக்குன்னு அதே சத்தம். காதுல இயர்போன் மாட்டிக்கினு இந்த ஆல்பம் ஃபுல்லா கேட்டேன். தறி சத்தத்தையும் மீறி அந்தக் குரல் வருது, சினிமாப் பாட்டெல்லாம் அதுல அமுங்கிப் பூடும். ஏன்னு யோசிச்சேன். வழவழன்னு இருக்கிற குரல் தறிச் சத்தத்தோட கலந்துடுது. சொரசொரப்பு இருந்தாத்தான் பிரிஞ்சு நிக்குது போல.

எங்க பக்கத்துல தர்மராஜா கோயில்ல பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகல்ல பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. துரியோதனன் வேஷம் கட்டுறவரு மைக் இல்லாத காலத்துலயே நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரி பாடினவரு. நாப்பத்தஞ்சு வயசுல தொண்டை கிழிஞ்சுடும். ஆனா கூத்து பாக்குறவன் அந்தக் கிழிஞ்ச தொண்டையத்தான் ‘ராஜா குரல்’னுவான். அதனால உடைஞ்ச குரல் நமக்குப் புதுசு இல்லபா. கூத்துல அது தான் கிரீடம்.

பருத்திப்பால்

கிரீடம்னு நீங்க சொல்றீங்க தறிக்கார அண்ணா. சுமக்கிறவரைக் கேட்டீங்களா?

பழைய_டேப்

லெவான் கதையில இன்னொரு கசப்பு இருக்கு, அதைச் சொல்லாம இந்த ஆல்பம் விளங்காது. பேண்ட் பாட்டுகள்ல பெரும்பாலானதுக்கு எழுதினவர்னு ராபி ராபர்ட்சன் பேர்தான். அஞ்சு பேரும் ஒரே வீட்டுல உட்கார்ந்து உருட்டி எடுத்த பாட்டுக்கு ஒருத்தருக்கு மட்டும் ராயல்டியான்னு லெவான் 1993ல வந்த தன் சுயசரிதையில கொட்டித் தீர்த்துட்டார். ராபர்ட்சன் பக்கம் கேட்டா, நான் எழுதினேன், அவங்க எழுதலைம்பார். யார் பக்கம் நியாயம்னு நான் முப்பது வருசமா மாத்தி மாத்திப் பேசிட்டிருக்கேன். அமெரிக்கத் தென்னாட்டுக்காரன் கதையும் பேச்சும் லெவான் வாயில இருந்து வந்தது, அதைப் பாட்டா கட்டினது ராபர்ட்சன். இந்தக் கணக்கை எந்தக் கோர்ட்டு தீர்க்கும்?

இந்த ஆல்பத்துல எல்லாமே யார் எழுதினதுன்னே தெரியாத பழைய பாட்டு, இல்லேன்னா மத்தவங்க பாட்டு. ‘இது நான் எழுதினது’ன்னு சொல்லிக்க அவருக்கு ஒண்ணுமே இல்லை. ஆனாலும் அவர் வாழ்க்கையிலேயே இது அளவுக்கு அவரோடதுன்னு சொல்லக்கூடிய ஆல்பம் வேற இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. 1976 நவம்பர்ல சான்ஃபிரான்சிஸ்கோவுல பெரிய விடைபெறும் கச்சேரி வெச்சாங்களே, அதுவே அவருக்கு இஷ்டமில்லாததுதான். குழுவைப் பாதியில நிறுத்தினாங்கன்னு கடைசி வரைக்கும் வருத்தம்.

இப்போ அஞ்சு பேரும் இல்லை. ரிச்சர்ட் மானுவல் 1986, ரிக் டாங்கோ 1999, லெவான் 2012, ராபர்ட்சன் 2023, கார்த் ஹட்சன் 2025. லெவான் ஆஸ்பத்திரியில கடைசி நாள்ல கிடந்தப்போ ராபர்ட்சன் போய்ப் பக்கத்துல உட்கார்ந்துட்டு வந்தார். பேசினாங்களான்னு கேக்காதீங்க, அவர் பேசற நிலையில இல்லை.

உடுக்கைவீட்டுக்காரன்

டேப் அண்ணா எங்க வீட்டுக் கதையைத் தொட்டுட்டீங்க.

தொண்ணூறுகள்ல ஒரு கேசட் கம்பெனி (பேரு வேண்டாம், இப்போ இல்லவும் இல்லை) அய்யனைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் பாட வெச்சாங்க. ஐந்நூறு ரூபாயும் ஒரு வேட்டியும் குடுத்தாங்க. கேசட்டு பொள்ளாச்சி சந்தையில வித்துது, திருப்பூர் வரைக்கும் போச்சு. அட்டையில சாமி படம் இருந்துது, அய்யன் பேரு இல்லை. ‘கிராமியக் கலைஞர்’னு போட்டிருந்தாங்க. அவரு அதுக்கு ஒரு நாளும் சண்டை போடலை. ‘பாட்டு என்ன நான் பெத்ததா’ன்னு கேப்பாரு. எனக்குத்தான் ஆறலை.

தாளக்கட்டு

அந்தக் கேசட் எங்க வீட்டுல இருந்துதே! உடுக்கை மைக்கை ஒட்டி இருக்கும், பாட்டு தள்ளிக் கேக்கும், அதுதானே? ஐயோ, அதுவா உங்க அய்யன்?

உடுக்கைவீட்டுக்காரன்

அதேதானுங்க. ஒரே மைக்கு, அதை மடிக்கு நேரா வெச்சுட்டாங்களாம்.

வயலின்_வாத்தியார் (பாலக்காடு)

தலையிடுறதுக்கு மன்னிக்கணும். முப்பது வருசமா சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். குரல் போனதையே ஒரு பெருமையாப் பேசுறது எனக்கு ஒப்பலை. சாதகம் பண்ணி, தொண்டையைப் பேணிப் பாடுறதுன்னு ஒண்ணு இருக்கு. இந்த ஆல்பத்துல சுருதி சில இடத்துல நிக்கலை. நோயாளின்னு தள்ளுபடி கொடுக்கலாம். ஆனா அதைத் தரம்னு சொல்லக்கூடாது.

பருத்திப்பால்

வாத்தியார் சார், 2022ல அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது கொடுத்தப்பவும் இதே பேச்சுத்தான் வந்துது. முறையா சங்கீதம் படிச்சவங்களுக்கு இது அவமானம்னாங்க. ஆடு மேய்ச்சுக்கிட்டு இருளர் மொழியில பாடின அம்மா. சுருதின்னு நீங்க சொல்றது ஒரு ஊரோட அளவுகோல். அடுத்த ஊர்ல வேற படி.

வயலின்_வாத்தியார்

நஞ்சியம்மா குரல் சுத்தமான குரல் அம்மா. அது வேற, இது வேற. அவங்களைப் படிக்காதவர்னு சொல்லி ஒதுக்கினதை நான் அன்னைக்கே கண்டிச்சேன். நான் சொல்றது சிதைஞ்ச குரலை. பாடகருக்கே அது வலி. அதை ரசிக்கிறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

நகரி_தறிக்காரன்

வாத்தியார் சொல்றதுல ஒரு ஞாயம் கீது. நான் கிரீடம்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க துரியோதனன் இப்போ வீட்டுல சைகையிலதான் சாப்பாடு கேக்குறாரு.

உடுக்கைவீட்டுக்காரன்

ரெண்டு நாளா பதில் போடலை, மன்னிச்சுக்குங்க. அய்யனை செக்கப்புக்குக் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயிருந்தேன். வாளையார்ல ஒரு மணி நேரம் லாரிக்குப் பின்னாடி நின்னோம். வண்டியில வேற வேலை இல்லையேன்னு இந்த ஆல்பத்தைப் போட்டேன். இந்தச் சண்டையையும் படிச்சுக் காட்டினேன், அவருக்குப் புரியுற மாதிரி.

முதல் பாட்டு ஓடுறப்பவே கேட்டாரு, “இவனுக்குத் தொண்டையில என்ன, புண்ணா?”

இதை நான் சொல்லவே இல்லைங்க. கேட்டுட்டே கண்டுபுடிச்சுட்டாரு. ஆமான்னேன். உங்களுக்கு வந்ததேதான்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “மேல போறப்ப மூச்சை மாத்திப் புடிக்கிறான் பாரு, அங்க வலிக்குது அவனுக்கு, அதை ஒட்டிட்டே போறான்”னாரு. எந்த இடத்துல வலிக்குதுன்னு கை வெச்சே காட்டினாரு, தன் கழுத்துல.

நான் சும்மா இருக்காம, உடைஞ்ச குரல்தான் உண்மையா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, உங்களையும் இப்பவே ரிக்கார்டு பண்ணலாமான்னு கேட்டுட்டேன். கோவம் வந்துருச்சு. “உண்மையாவது மயிராவது. எனக்கு என் பழைய தொண்டை வேணும். அது இருந்தா இந்தக் கருமத்தை எவன் பாடுவான்? அவனைக் கேட்டுப் பாரு, அவனும் இதையேதான் சொல்லுவான்”னாரு. சைடு கண்ணாடியைப் பார்த்துட்டே சொன்னாரு.

வாத்தியார் சார், இந்த வாக்கு உங்களுக்கு.

வயலின்_வாத்தியார்

வணக்கம் சொல்லுங்க அவருக்கு. நான் ஜெயிச்சதா நினைக்கலை.

பழைய_டேப்

தம்பி, உங்க அய்யன் சொன்னதைப் படிச்சுட்டு ஆல்பத்தை மறுபடி கேட்டேன். நாலாவதுல இருந்து எனக்கு வேற மாதிரி கேக்குது. இத்தனை வருசமா ‘என்ன ஒரு அனுபவம் தோய்ஞ்ச குரல்’னு கண்ணை மூடிக் கேட்டவன் நான். இப்போ அந்த ஆள் எங்கே எச்சில் முழுங்குறார்னு தேட ஆரம்பிச்சுட்டேன். கெடுத்துட்டாரு போங்க.

கடைசிப் பாட்டு, ஆத்தைக் கடக்கிற பாட்டு, அதை மட்டும் யாரும் நோண்டாதீங்க. அது எனக்கு வேணும்.

செக்போஸ்ட்_செந்தில்

டேப் அண்ணா, ஆறு வத்தித்தான் கிடக்குது, நடந்தே கடக்கலாம் 😄

தாளக்கட்டு

சிரிக்க வெச்சுட்டான். உடுக்கைவீட்டுக்காரரே, ரிக்கார்டிங் ஆசையை விட்டுடாதீங்க. பாடச் சொல்லாதீங்க, வாசிக்கச் சொல்லுங்க. லெவானும் முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சார், வாயைத் திறக்கலை, டிரம் மட்டும்தான். என்கிட்ட ரெண்டு நல்ல மைக் இருக்கு. ஒண்ணு உடுக்கைக்கு, ஒண்ணு சும்மா அவர் முன்னாடி நிக்கட்டும். மடிக்கு நேரா வெக்க மாட்டேன், சத்தியம்.

பருத்திப்பால்

அட்டையில பேர் போடுங்க. கொட்டை எழுத்துல.

உடுக்கைவீட்டுக்காரன்

கேட்டுப் பார்த்தேனுங்க. ‘மழை விடட்டும், தோல் இழுக்காது’ன்னாரு. அது சரின்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமான்னு எங்க அம்மாவுக்கே தெரியலை.

நேத்து ராத்திரி அவரே அந்த விவசாயி பாட்டை மட்டும் போடச் சொன்னாரு. கடன் பாட்டுன்னு அவருக்கு நான் சொல்லியிருந்தேன். ரெண்டு தடவை சும்மா கேட்டாரு. மூணாவது தடவை காலி டம்ளரைக் கவுத்து வெச்சு விரல்ல தட்டினாரு. எனக்கு அந்தக் கணக்கு சொல்லத் தெரியலை, ஆனா டம்ளர் ஒரு இடத்துலயும் தப்பலை. பாடலை. முடிஞ்சதும், “இவன் கைக்கு ஒண்ணும் ஆகலை”ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டாரு.

தாளக்கட்டு

வியாழக்கிழமை பொள்ளாச்சி சந்தைக்கு மாடு பார்க்க வரேன். வர்ற வழியில உங்க வீட்டுல மைக்கை வெச்சுட்டுப் போறேன். மழை எப்போ விடுதோ விடட்டும்.